நாலாவது வரி

1974 ஆகஸ்ட் 19, திங்கள்

கச்சான் காத்து. விடிய முன்னமே புழுதி. கண் எரிச்சல். பாண் இல்லை, அவிச்ச மரவள்ளி.

ஆஸ்பத்திரி டாக்குத்தரின்ர பாய்ப்போட்டில டீசல் எஞ்சின் கழட்டத் துவங்கியாச்சு. காத்து விழுந்தால் பாய் உதவாது, கூப்பனுக்குக் கிடைக்கிற டீசல் காணாது. அதால பற்றறி மோட்டர். ஏலத்தில எடுத்த, பற்றறியில ஓடின பழைய சாமான் வண்டியின்ர மோட்டர், ஆறு பற்றறி. என்ர யோசினை. மனிசன் ஒரு சொல்லில பிடிச்சுக்கொண்டார்.

தாசனுக்கு முகம் விழுந்து போச்சு. அந்த எஞ்சினுக்குப் பதினொரு வருசம் அவன்தான் டிறைவர். என்ர தங்கச்சி றெஜினாவைக் கட்டின பாவத்துக்கு அவனை மச்சான் எண்டு கூப்பிட வேண்டிக்கிடக்கு.

"அது என்ர பிள்ளை மாதிரி மச்சான்" எண்டு எஞ்சினைத் தடவினான். பிள்ளை பெற வக்கில்லாதவனுக்கு இரும்புதான் பிள்ளை எண்டு வாய் வரைக்கும் வந்தது. சொல்லேல்ல. இஞ்ச எழுதிறன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

காத்து அப்பிடியே. கடைவாய்ப் பல்லுக் குத்து. கராம்பு வாங்க மறந்திட்டன்.

எஞ்சின் ஜெட்டிக்கு ஏறிட்டுது. சங்கிலி என்ர கையில, தாசன் கீழ நிண்டு தாங்கினவன். நான் ஒரு முழம் கெதியா விட்டிட்டன். முதுகு பிடிச்சு அப்பிடியே இருந்திட்டான். வேணுமெண்டு விடேல்ல. முழுக்க வேணுமெண்டு இல்லை எண்டும் சொல்ல ஏலாது.

பின்னேரம் என்ர கதிரையில படுத்துக் கிடந்தான். றெஜி சுடுதண்ணி ஒத்தணம். "மெல்ல, மெல்ல" எண்டு சிணுங்கல் குசினி மட்டும் கேட்டது. குசினிக்கு அடுத்த அறைதானே என்ர மாளிகை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூசைக்குப் போனனான். பிரசங்கம் நீளம். சாமியார் மெலிஞ்சு போனார்.

வீட்டுக்கு நான் போட்டது: சீமெந்து, ஓடு, பாலை மரத்தில நிலையும் கதவும், கிணத்துக் கட்டு. கப்பல் டொக்யாட்டில கறண்டு வேலை செய்து இருபது வருசம் உழைச்சது. வீடு பெட்டைக்குத்தானே எண்டு சனம் சொல்லும். ஓம், பெட்டைக்குத்தான் சீதனமா எழுதினனான். அவளுக்கு எழுதினது, அவனுக்கில்லை. இடத்தைக் குடுத்தால் மடத்தைப் பிடுங்கின கதை. முன் அறை அவனுக்கு, கதிரை அவனுக்கு. மீன் துண்டிலயும் முதல் துண்டு அவனுக்கு.

றெஜிக்குப் பத்து வயசில அம்மா செத்தவ. நான்தான் தலை இழுத்து விட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பிச்சனான். கலியாணத்துக்கு முந்தின வருசங்கள் வீட்டில நானும் அவளும். அது நல்லாத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 29, வியாழன்

மோட்டர் பூட்டி, உட்துறைமுகத்தில ஒரு சுத்து. சத்தமே இல்லை. தண்ணி கிழியிற சத்தம் மட்டும். டாக்குத்தர் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிச்சார். என்ர நெஞ்சும் நிறைஞ்சுதான் கிடந்தது, பொய் சொல்லக்கூடாது.

தாசன் விடுவானே. "இது செத்தவீட்டுப் போட் ஐயா. சத்தம் போடாமல் வந்து சத்தம் போடாமல் போகும். எங்கட கறண்டரைப் போல." கறண்டர் எண்டது என்னைத்தான். ஜெட்டியில நிண்ட எல்லாரும் சிரிச்சவை. டாக்குத்தரும்.

பிறகு டாக்குத்தர் அவனிட்டச் சொன்னார்: "தாசன், இனி உம்மட வேலை பற்றறி பாக்கிறது. பழுதாக்கினீரெண்டால் நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும்." அவன் தலையாட்டினான். என்னட்டச் சொன்னார்: "பாக்கிற முறையைத் தமிழில ஒரு பலகையில எழுதிக் கொழுவிவிடும்."

வேலை போனால் தாசன் கொழும்பு துறைமுகத்தில இருக்கிற தமையனிட்டத்தான் போவான். றெஜி போகாள். அவள் வீட்டை விடாள்.

ஆகஸ்ட் 31, சனி

பல்லுப் பிடுங்கினது. பஞ்சு கடிச்சபடி பலகை எழுதினனான். வெள்ளைப் பெயின்ற், கறுப்புப் பலகை:

1. சார்ஜ் போடும்போது மூடிகள் எல்லாவற்றையும் கழற்றி விடவும்.
2. கிட்ட பீடி, நெருப்பு கூடாது.
3. குறைந்தால் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும் விடவும்.

நாலாவது வரிக்கு இடம் கிடக்கு.

வெள்ளைக்காரன்ர காலத்தில டொக்யாட் பற்றறி அறைப் பலகையில அந்த வரிதான் முதலாவது. பதினெட்டு வயசில உப்புத்தண்ணி வாளியோட உள்ள போக, போர்மன் கன்னத்தில அறைஞ்சு சொல்லித்தந்தவன். பற்றறிக்குள்ள கடல் தண்ணி பட்டால் நஞ்சுக் காத்து வரும். காது ரெண்டு நாள் கூவினது, பாடம் மறக்கேல்ல. எனக்கு அடிச்சுச் சொல்லித்தந்ததை இவனுக்கு ஏன் சும்மா குடுக்கவேணும்?

தாசன் பதினொரு வருசமா ஒவ்வொரு காலமையும் எஞ்சின் கிடங்குக்குள்ள ரெண்டு வாளி கடல் தண்ணி அடிச்சுத் தும்புக்கட்டையால உரஞ்சிறவன். எண்ணெய் போக. "முகம் கழுவாமல் வேலைக்குப் போறதோ" எண்டுவான். இப்ப அந்தக் கிடங்குக்குள்ளதான் பற்றறி. எண்ணெய் இல்லை, பழக்கம் கிடக்கு.

மூக்கு எரியும். ரெண்டு நாள் இருமுவான். பற்றறி போகும், வேலை போகும். அவ்வளவுதான்.

செப். 2, திங்கள்

பலகை கொழுவியாச்சு. தாசனுக்கு வாசிப்பு மட்டு. றெஜி சாப்பாடு கொண்டு வந்தவள், பக்கத்தில நிண்டு விரல் வைச்சு வாசிச்சுக் காட்டினாள். "மூண்டே மூண்டுதான். இதுகூடவா உங்களுக்குப் பாடமாகாது" எண்டு அவனைக் கிள்ளினாள். எனக்கு முன்னாலயே.

பின்னேரம் முதல் முழுச் சார்ஜ் போட்டான். விடிய மட்டும் ஓடும். மூடிகளைக் கழட்டி வரிசையா அடுக்கி வைச்சான், பலகையில சொன்னபடி. நாளைக்கு ஒன்பது மணிக்கு டாக்குத்தர் வந்து பாப்பாராம். போட் பளிச்செண்டு இருக்கவேணுமாம்.

நல்ல நித்திரை வரும் போல கிடக்கு.

செப். 3, செவ்வாய்

எழுதக் கை வருகுதில்லை. எண்டாலும்.

எட்டு மணி போல தாசன் ஆஸ்பத்திரியில இருந்து முதுகைப் பிடிச்சுக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்கு வாளி தூக்க ஏலாதெண்டு றெஜி போனவளாம். அஞ்சரைக்கே. நான் நித்திரை. அவன் மேல இருந்து சொல்லச் சொல்ல அவள் கிடங்குக்குள்ள இறங்கிக் கழுவினவள். ரெண்டு வாளி. தண்ணி கொதிச்ச மாதிரி இரைஞ்சதாம், கிணத்துக்குப் போடுற பிளீச்சிங் பவுடர் மணமாம், மஞ்சள் புகையாம். இவனுக்குக் குனிஞ்சு இழுக்க முதுகு விடேல்ல. வலை இழுக்க வந்த ரெண்டு பேர் குதிச்சுத்தான் தூக்கினவை.

முதுகு. அந்த ஒரு முழச் சங்கிலி.

ஆஸ்பத்திரி வாசலில டாக்குத்தர் என்னட்டத்தான் முதல் கேட்டார். "உப்புத்தண்ணி கூடாதெண்டு பலகையில எழுதினனீரோ?"

"ஓம் ஐயா" எண்டன். யோசிக்க முன்னமே வாய் சொல்லிப்போட்டுது.

"பின்னேரம் வந்து பாக்கிறன்."

மத்தியானம் பெயின்ற் டப்பாவோட போனனான். போட்டில ஒருத்தரும் இல்லை. பற்றறி மணம் இன்னும். தொண்டை கரகரப்பு. 4. கடல் தண்ணீர் படவே கூடாது. எழுத்து மற்ற மூண்டையும் போலத்தான் வந்தது. கச்சான் அரை மணித்தியாலத்தில காய வைச்சுது.

டாக்குத்தர் பாத்தார். தாசனைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினார். "உமக்குக் கண் இல்லையோ?"

"எனக்கு வாசிக்க வராது ஐயா. அவ வாசிச்சுச் சொன்னவ. நான்தான் மறந்திட்டன் போல." நிலத்தில குந்தி அழுதான். வேலை போச்சுது. நினைச்சதெல்லாம் நடந்திருக்கு.

செப். 4, புதன்

முன் அறை வெறுமை. கதிரையில இருந்து பாத்தனான். ஒரு பக்கம் அவனுக்கு ஏத்தமாதிரிக் குழிஞ்சு கிடக்கு. எழும்பிட்டன்.

அடுப்பு மூட்டேல்ல. கோழிக்குக் குருணல் போட மறந்து, அது குசினிக்குள்ள வந்து நிண்டு பாத்தது.

செப். 5, வியாழன்

இளநி ரெண்டு, வெள்ளைச் சீலை ஒண்டு கொண்டு போனனான்.

றெஜி கண் திறந்திருந்தாள். குரல் இல்லை. மூச்சு ஈரத்துணி கிழியிற மாதிரி. குரல் திரும்புமோ எண்டு டாக்குத்தர் சொல்லேல்ல.

தாசன் கட்டில் காலடியில. ரெண்டு நாளாச் சாப்பிடேல்லையாம். "மச்சான், நாலாவதை அவள் எனக்குச் சொன்னவளோ, நான்தான் கேக்கேல்லையோ எண்டு மண்டை வெடிக்குது. நீங்களாவது சொல்லுங்கோ."

"விடு. நடந்தது நடந்து போச்சு" எண்டன்.

அவள் அவனைப் பாக்கேல்ல. என்னைத்தான் பாத்தாள். கையைப் போர்வைக்குள்ளால எடுத்து மூண்டு விரல் காட்டினாள். நான் சீலையை மடிக்கிற மாதிரித் திரும்பினன். திரும்பிப் பாக்க, விரல் அப்பிடியே நிண்டது.

"என்ன சொல்லுறாள் மச்சான்?"

"தண்ணி கேக்கிறாள்" எண்டன்.

அவன் முதுகைப் பிடிச்சுக்கொண்டு தண்ணி எடுக்க ஓடினான்.