இன்னும் அஞ்சு ஜாண்

ஜனவரி 6, செவ்வாய்

இன்னைக்கு மூணு ராஜாக்கள் திருநாள். எங்க வீட்டுக் கிறிஸ்மஸ் குடிலுக்கு, குழந்தை ஏசுவைப் பாக்க, ராஜாக்கள் ஒட்டகத்துல வரமாட்டாங்க, படகுலதான் வருவாங்க. "ஏரியைத் தாண்டாம நம்மூருக்கு யாரு வந்தா?"னு என் பொண்டாட்டி ஸ்டெல்லா கேப்பா. கிறிஸ்மஸ்லேர்ந்து அந்தப் பொம்மைப் படகைத் தினம் ஒரு ஜாண் நகர்த்துவா. சரியா இன்னைக்குக் குடிலுக்கு வந்து சேரும்.

புத்தாண்டு அன்னைக்கும் நகர்த்திட்டுத்தான் பூசைக்குக் கிளம்புனா. நெஞ்சு வலிக்குதுன்னு வாசல்ல உக்காந்தவ அப்பிடியே போய்ட்டா. படகு இன்னும் டி.வி. பக்கத்துலயே நிக்குது.

சாயந்தரம் மருமக வந்து, "மாமா, ராஜாக்களை எடுத்துக் குடில்ல வெச்சுடட்டுமா?"ன்னு கேட்டா. "அது மேல கை வெச்சே, அவ்ளோதான்!"னு கத்திட்டேன். பாவம், அழுதுட்டா.

அப்புறம் நானே போய்க் குந்தினேன். முப்பது வருஷமா ஏரியில படகு தள்ளுறவன். அஞ்சு ஜாண்தான் பாக்கி. அவ வெச்ச எடத்துலேர்ந்து அதை நகர்த்தக் கை வரல.