காட்டேரிக்கு வைத்த முகம்

1955 நவம்பர் 8, செவ்வாய்

எங்கள் வாரப் பத்திரிகையின் சித்திரக்கதையில் பறக்கும் முகமூடி வீரன் இதுவரை திருடர்களோடுதான் சண்டை போட்டான். இந்த வாரம் முதல்முறையாக ஒரு ரத்தக் காட்டேரி வந்திருக்கிறான். வரைந்தவன் நான். நாகர்கோவில் பிரஸ்ஸில் ஆசிரியருக்கு ஒரே குஷி.

"காட்டேரி நல்லா வந்திருக்கான் மக்கா. அடுத்த வாரம் நெஞ்சுல ஆப்பு அடிச்சுக் கொன்னுரு. நாளைக்குக் காலையில படம் வேணும்" என்றார்.

சரி என்று பஸ் ஏறிப் பூதப்பாண்டிக்கு வந்தேன். அடுக்களையில் மைனி பத்திரிகையை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மனைவி. அண்ணன் காசநோயில் போன பிறகும் அவள் எங்களோடுதான் இருக்கிறாள். கடைசி நாட்களில் அண்ணன் இருமும்போதெல்லாம் வாயோரம் ரத்தம் வரும். துடைத்துவிட்டது அவள்தான்.

மைனி காட்டேரியின் கோரைப்பல்லைப் பெருவிரலால் மறைத்தாள்.

"பல்ல மறைச்சா அவியளேதான், இல்லியா தம்பி?"

அண்ணன் முகத்தை நான் யோசித்து வரையவில்லை. ஒட்டிய கன்னம், வாயோரம் ரத்தம் என்று ஆசிரியர் சொன்னார். கை தானாகப் போயிற்று. அவள் அழவுமில்லை, கோபப்படவுமில்லை.

"ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல்ல நாம" என்றாள். பெருவிரலை எடுக்காமலே, "அடுத்த வாரமும் வருவாவளா?" என்று கேட்டாள்.

"வருவாவ மைனி" என்றேன்.

சாப்பிடவில்லை. பசிக்கவுமில்லை. வீரனை வரைந்தாயிற்று. ஓங்கிய கை, அதில் ஆப்பு, எல்லாம் ஆயிற்று. காட்டேரியின் முகம் மட்டும் பாக்கி.