நசுங்காத எலுமிச்சம்பழம்

வியாழன், மாலை. தூறல்.

எனக்கு எழுத்து தெரியாது. பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. பேத்தி யமுனா காட்டிக் கொடுத்தாள். நல்லதோ கெட்டதோ, இனி இதனிடம்தான்.

நாளை மறுநாள் அவள் காலேஜ் பிள்ளைகளோடு சைக்கிளில் போகிறாள். ஓசூர் ரோட்டில் ஹெப்பகோடி தாண்டி ஏதோ ஏரிக்கரை. டென்ட் போட்டு ஒரு ராத்திரி. என் மகன் குமார் ஒரேயடியாக முடியாது என்றான். நான்தான், “போய்ட்டு வரட்டும்டா, நான் பொறுப்பு” என்றேன். ஏன் சொன்னேனோ. லாரி கிளீனராக இருந்தபோது நான் தார்ப்பாய்க்கு அடியில் படுத்தது வேறு இடமில்லாமல். வீடு இருக்கிற பிள்ளைகளுக்கு அப்படி என்ன வேண்டுதல்?

வாங்க வேண்டியது: பிஸ்கட், கொசுவர்த்தி, எலுமிச்சம்பழம்.

சனி, காலை. குளிர்.

லிங்கராஜபுரம் வீட்டு வாசலில் ஐந்தாறு சைக்கிள். குமார் ஷிப்டுக்குப் போய்விட்டான். யமுனாவின் முன் சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்தேன். பழம் வைக்காமல் எங்கள் லாரி நகர்ந்ததில்லை. ஒருமுறை மறந்து, கிருஷ்ணகிரி தாண்டி ஞாபகம் வந்து, டிரைவர் கோவிந்தண்ணன் கடை தேடி வாங்கி வைத்த பிறகுதான் கியர் போட்டார். வெங்காய லோடு அன்று. டயர் ஏறினால் பழம் பட்டென்று பிளக்கும்.

“அஜ்ஜா, சைக்கிளுக்குமா?” சிரித்தான் கிரண். அவர்களுக்குத் தலைவன், கன்னடப் பையன்.

“அதுக்கும் சக்கரம் இருக்குல்ல?”

மிதித்தாள். பழம் நசுங்கவில்லை. டயர் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். பழம் முழுசாக உருண்டு சாக்கடையில்.

இடது மணிக்கட்டு. எழுந்து, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்ல தாத்தா. அப்பாகிட்ட சொல்லிடாத. அப்புறம் ஜென்மத்துக்கும் எங்கயும் உடமாட்டாரு.”

போய்விட்டாள். குமாருக்கு போன் போடவா? போட்டால் பாதி வழியில் திருப்பிக் கூட்டி வருவான். போடாவிட்டால்? ஒரு கையால் எப்படி பிரேக் பிடிப்பாள், அதுவும் ஓசூர் ரோட்டில்? எடுத்தேன். வைத்தேன்.

சனி, சாயங்காலம்.

போட்டோ வந்தது. ஏரி, நீலத் துணிக்கூடு. “எப்படி சிரிக்கிறா பாருப்பா” என்றான் குமார். நான் கையைத் தேடினேன். எல்லாப் படத்திலும் இடது கை பின்னால்.

ஞாயிறு. வெயில்.

வந்துவிட்டாள். மணிக்கட்டு பன் மாதிரி. சைக்கிளைக் கிரண் தள்ளிக்கொண்டு வந்தான்.

“டென்ட் கட்டும்போது கல்லு தடுக்கிடுச்சுப்பா.”

குமார் கையைத் திருப்பிப் பார்த்தான். முடிந்தது என்று நினைத்தேன்.

“விரல மடக்கு. ம், மடங்குது.” என் பக்கம் திரும்பினான். “நீ பழம் வெச்சியாப்பா?”

“வெச்சேன்.”

“அதான் கையோட போச்சு. அடுத்த வாட்டியும் மறக்காம வெச்சு அனுப்பு.”

அடுத்த வாட்டியா! யமுனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிரண் வானத்தைப் பார்த்தான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“சுடுதண்ணி வைக்கட்டுமா?” என்றுதான் வந்தது.