தேன்மெழுகுத் தோணிகள்

ஊன்ட்றொப், மேற்கு ஜெர்மனி
14.12.1986

அன்புத் தங்கை குமுதினிக்கு,

அக்கா பாலாம்பிகை எழுதிக்கொள்வது. நாங்கள் குளிரில் விறைத்தபடி சுகம். நீயும் கொழும்பு வெயிலில் வேர்த்தபடி சுகமாயிருக்க அம்மாளாச்சி துணை நிற்கட்டும். இது ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளின் எழுத்து. பிழைகளைப் பொறுக்கி எடுத்துச் சிரி. லொட்ஜ் அறையில் உனக்கும் பொழுது போக வேண்டாமா?

உன் கடிதம் கிடைத்தது. கிழக்கு பெர்லின் வழியை அடைத்துவிட்டார்கள், இனிக் காத்திருந்து பலனில்லை, யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அது போதாதென்று, உன் மகள் பாமா என்னைத்தானே அம்மா என்கிறாளாம், இனி அவள் என் பிள்ளையாகவே இருக்கட்டும் என்று ஒரு வரி வேறு. அதை வாசித்துவிட்டு உன் அத்தான் வெளியே போய்ப் பனியில் நின்றார். தொப்பிகூடப் போடவில்லை.

பக்கத்து அறைக் குணேஸ்வரிதான் உனக்கு எழுதியிருப்பாள். அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டாலும் பேனைக்கு யார் போடுவது? நடந்தது இதுதான். இந்த அகதி விடுதிப் பிள்ளைகளுக்கு டொச் மொழி படிப்பிக்க ஹெல்கா என்றொரு ரீச்சர் வருகிறா. பாமா என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டதும், 'பெரி' என் பெயர், 'அம்மா' உறவு என்று மனிசி பிரித்து எடுத்துவிட்டா. அன்றிலிருந்து நான் திருமதி பெரி. பாமாவிடம், அம்மாவிடம் போ என்று என்னைக் காட்டுவா. கேட்டுக் கேட்டுப் பிள்ளையும் 'பெரி'யை விழுங்கிவிட்டாள். திருத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. நாலரை வயதில் கூட்டிவந்த பிள்ளை. ஒன்றரை வருசத்தில் உன் முகத்தை மறந்துவிட்டாளோ என்று எனக்கே உள்ளுக்குள் பயம்.

இனி நேற்று நடந்ததைக் கேள். நத்தார் பண்டிகை வருகிறது, பிள்ளைகளோடு மெழுகுதிரி செய்வோம் என்று ஹெல்கா வந்தா. கால்வாய்க் கரையில் தேனீ வளர்க்கும் ஒருவர் கொடுத்த மஞ்சள் மெழுகும், ஒரு பை வால்நட் கொட்டையும் கொண்டுவந்தா. அந்தக் கொட்டையை நடுவால் பிளந்தால் ஓடு குட்டித் தோணி மாதிரி. பருப்போ மூளை மாதிரி. உன் அத்தானுக்கு நிறையத் தின்னக் கொடுத்தேன். ஒரு மாற்றமும் தெரியவில்லை.

ஹெல்கா திரியை மறந்துவிட்டா. நான் அத்தானின் பழைய வேட்டியைக் கிழித்து, பிள்ளைகளை இருத்தி, தொடையில் உருட்டக் காட்டிக்கொடுத்தேன். சிலதுகளின் திரி பூரான் மாதிரி வந்தது. மெழுகைப் பால்மா ரின்னில் போட்டு, சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கினோம். சவர்க்காரம் மணக்கிற உடுப்புத் தோய்க்கும் அறை முழுக்கத் தேன் மணந்தது. ஓட்டுக்குள் திரியை நிறுத்தி மெழுகை வார்த்து, அது இறுகும் வரை பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருந்தார்கள்.

நாலு மணிக்கே இங்கே இருட்டிவிடும். லைற்றை நிறுத்திவிட்டு, பெரிய வாளியில் தண்ணீர் நிரப்பித் தோணிகளைக் கொளுத்தி விட்டோம். யாரும் தொடாமலே அவை நகர்ந்தன. ஒரு பிள்ளை மூச்சு விட ஒரு தோணி திரும்பும். தண்ணீரின் வெளிச்சம் முகட்டில் அலை அலையாய் ஆடியது. யன்னலுக்கு வெளியே சத்தமில்லாமல் பனி. அந்த அறையே எங்களையும் ஏற்றிக்கொண்டு மெல்ல மிதந்து போவது போலவும், எந்தக் கரையிலும் யாரும் விசா கேட்கமாட்டார்கள் போலவும் எனக்கு இருந்தது.

கடைசியில் ஹெல்கா, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு ஊதுங்கள் என்றா. எல்லாப் பிள்ளைகளும் ஊதினார்கள். பாமா மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். விளக்கை வாயால் ஊதி நூர்க்கக் கூடாது, அம்மா ஏசுவா என்றாள். நான் ஏசமாட்டன், ஊதடி என்றேன். பிள்ளை என்னை ஒரு விசரியைப் பார்ப்பது போலப் பார்த்து, நீங்கள் இல்லை, எங்கட அம்மா என்றாள்.

குமுதினி, எனக்கு மெழுகுப் புகை கண்ணில் பட்டுவிட்டது என்று ஹெல்காவுக்குச் சொன்னேன். அந்த விளக்குத் தானாக நூரும் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெல்காவுக்கு பஸ்ஸும் போய்விட்டது.

டோர்ட்மண்டில் இருக்கிற கனகலிங்கம் அண்ணை வேறு வழி விசாரிக்கிறார். அதுவரை யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறாதே. நேற்று இரவு பாமா சுவரில் கரிக்கட்டியால் கண்டபடி கீறி வைத்திருக்கிறாள். நான் ஏசவில்லை. அது உன்னுடைய வேலை. அம்மாளாச்சி உன்னைப் பத்திரமாய்க் கூட்டிவரட்டும். கெதியாய் வந்து ஏசு.

உன் அக்கா
பாலாம்பிகை