தட்டின் பின்பக்கம்

என்னங்க,

மதியச் சாப்பாடு ஃபிரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு இன்றும் இரட்டை ஷிஃப்ட். இப்போதே கால் கெஞ்சுகிறது.

உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்துப் பீங்கான் தட்டை மதிப்பிட வருவதாக இருந்தவர் வரமாட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். கத்தாமல் முழுதாகப் படியுங்கள். நீங்கள் நடக்கப் போன நேரத்தில் போன் பண்ணி, "பின்பக்கத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கம்மா, தட்டோட வயசு அங்கதான் தெரியும்" என்றார். சுவரிலிருந்து கழற்றினேன். உங்கள் அப்பா ஒட்டிவைத்த பழுப்புத் தாளை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்தேன். அடியில் 'மைக்ரோவேவில் வைக்கலாம்' என்று அச்சடித்திருக்கிறது.

உங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டில் மைக்ரோவேவ் இருந்திருக்காது. பழைய தட்டை மாமாவே உடைத்துவிட்டு, அதே மாதிரி ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார். "யாரும் தொடாதீங்க, நானே தொடச்சிக்கிறேன்" என்று கடைசிவரை சொன்னாரே, இதற்குத்தான். பாவம், எத்தனை வருஷம் பயந்தாரோ.

இந்தத் தட்டு யாருக்கு என்றுதான் நீங்களும் உங்கள் தம்பியும் மூன்று வருஷமாகப் பேச்சை நிறுத்தியிருக்கிறீர்கள். அங்கே ஒரு சேதி, இங்கே ஒரு சேதி என்று சுமந்து நான் ஓய்ந்துவிட்டேன்.

பி.கு.: தம்பியை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். விஷயத்தைச் சொல்லவில்லை. நீங்களே தட்டைத் திருப்பிக் காட்டுங்கள்.

இன்னொன்று: சூடு பண்ண வேறு பாத்திரம் தேட வேண்டாம். அந்தத் தட்டே போதும்.