உன் காருக்கு ஒரு மூடிய ட்ரெய்லர்

என் அருமை மச்சான் சந்திரா,

உன் கார் மெர்சிங் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு மழை படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் சொல்லப்போகிற மற்ற எதுவும் உன் காதில் ஏறாது.

நீ போன பிறகு பாலோ வீட்டில் தேவி தனியாகத்தான் இருந்தாள். உனக்குப் பெண்டாட்டி ஆவதற்கு முன்பே அவள் எனக்குத் தங்கை. அவள் பிடிவாதம் எனக்குத் தெரியாதா? உங்கள் மகள் யாழினி மெர்சிங்கில் தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்து, அம்மாவுக்கென்று ஓர் அறையையும் ஒழித்து வைத்தாள். வாரக் கடைசிகளில் வந்து கெஞ்சினாள். நான் பத்து பாகாட்டிலிருந்து போன் போட்டுத் திட்டினேன். எங்கள் இருவருக்கும் தேவி ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"கார் இங்க இருக்கே."

அவள் சரியாகச் சாப்பிடவில்லை மச்சான். பிஸ்கட்டும் தேநீருமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா சத்தம் கேட்டு ஓடி வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நீ விட்டுப்போன வீட்டில் எஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான். அவளையும் அந்த வீடு தின்றுவிடும் போலிருந்தது.

அதனால்தான் அவளிடம் சொன்னேன். "அப்ப காரையும் கொண்டுபோயிரலாம்." அவள் இரண்டு நாள் யோசித்தாள். முதலில் கார் போகட்டும், நான் வருவதை அப்புறம் பார்க்கலாம் என்றாள். அந்த 'அப்புறம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பாதி வழிக்கு இறங்கி வந்ததே பெரிது என்று வேலையை ஆரம்பித்தேன்.

ஓட்டிக்கொண்டு போக வழியில்லை. கார் இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது, பெயர் மாற்றுகிற வேலை இழுத்துக்கொண்டே போகிறது. ரோட் டேக்ஸ் செத்துப்போச்சு என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அந்த வார்த்தை தேவி முன்னால் என் வாயில் வரவில்லை. முடிந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். குளுவாங்கில் கார்களை லாரி மேல் ஏற்றிக்கொண்டு போகிற ஓர் ஆளைப் பிடித்தேன். காலையில் ஏற்றினால் மத்தியானத்துக்குள் மெர்சிங்கில் இறக்கிவிடுவேன் என்றான். காரியம் முடிந்தது என்று தேவியிடம் சொன்னேன். அவள் முகம் அப்படியே மாறிவிட்டது.

"திறந்த லாரி வேணாம்ணே."

"மழைக்குத்தான் பயப்படுறியா? கேன்வஸ் போட்டு மூடிக்கலாம்லா."

"வேணாம்னா வேணாம். ஒரு தடவ லாரியில ஏத்தி அனுப்பினது போதும்."

உன்னைக் கடைசியாக ஏற்றிக்கொண்டு போன லாரியைச் சொல்கிறாள். பாலோ கடைத்தெருவில் உன் காரைத் தெரியாதவர் யார்? அந்தப் பாலாடை நிறத்தைத் தூரத்தில் பார்த்தாலே காப்பிக் கடையிலிருந்து கை தூக்குவார்கள். அதே கார் லாரி மேல் உயரத்தில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஆள் இல்லாமல் போனால் அவர்கள் என்ன செய்வார்கள்? கை தூக்குவார்களா, எழுந்து நிற்பார்களா? ஊர் பார்க்க வேண்டாம், மூடிய ட்ரெய்லர்தான் என்று அன்றே முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது சுலபம், ட்ரெய்லர் கிடைப்பதுதான் பாடு. பத்து பாகாட்டில், துணி ஃபேக்டரிகளுக்குப் பின்னால், ட்ரெய்லர் கட்டி வாடகைக்கும் விடுகிற ஒரு சீன முதலாளி இருக்கிறார், தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் மூடியது இரண்டு நின்றன. பெரியது நாலு சக்கரம், உள்ளே காரைச் சுற்றி ஆள் நடக்கலாம், பக்கத்தில் இறங்கத் தனிக் கதவுகூட உண்டு. ஆனால் அந்தக் கனத்தை என் பிக்கப் இழுக்காது. அதற்கு வேறு வண்டியும் வேறு ஓட்டுநரும் பிடிக்க வேண்டும். சின்னது இரண்டே சக்கரம், உள்ளே குறுகல். பின்பக்கம் மட்டும் ஒரே கதவு, அதைக் கீழே சாய்த்தால் கார் ஏறுகிற பலகை ஆகிவிடும்.

நான் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தேன். கூரை ஒழுகுகிறதா என்று தவுக்கேயின் தண்ணீர்க் குழாயை வாங்கி மேலே பீய்ச்சிப் பார்த்தேன். உள்ளே புழுங்கி ஈரம் தங்கினால் உன் பெயின்ட் என்ன ஆகும் என்று காற்றுத் துளைகளைத் தேடினேன். இதற்கு முன் மீன் கீன் ஏற்றினார்களோ என்று மோந்துகூடப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் அடியில் படுத்து இரும்பைத் தட்டிப் பார்த்திருப்பாய் என்று தோன்றியது, அதனால் நானும் படுத்தேன். எழுந்திருக்கத் தவுக்கே கை கொடுக்க வேண்டியதாகிவிட்டது. உன் காரை யாரோ ஒருவன் பாட்டுப் போட்டுக்கொண்டு இழுத்துப்போக எனக்கு மனம் வரவில்லை. சின்னதையே எடுத்துக்கொண்டேன்.

காரை அளந்துகொண்டு வரச் சொன்னார் தவுக்கே. பாலோவுக்குப் போய் நீளம், அகலம், உயரம், அடியில் உள்ள இடைவெளி என்று எல்லாம் அளந்தேன். கண்ணாடிக் காதுகளையும் விடவில்லை. "பிந்து போலே புக்கா?" என்று அவர் போனில் கேட்டார். உள்ளே ஏற்றிய பிறகு கார்க் கதவைத் திறக்க இடம் இருக்குமா என்பது அவர் கவலை. உடனே கதவைத் திறந்து, விரிகிற அகலத்தை அளந்து சொன்னேன். அதற்கேற்றபடி அவர் ட்ரெய்லரின் தரையில் சக்கரத்துக்குத் தடுப்புக் கட்டைகளைப் பூட்டினார். நான் எந்தக் கதவைத் திறந்து அளந்தேன் என்பதுதான் கதை மச்சான். கொஞ்சம் பொறு.

அந்தச் சனிக்கிழமை காலை ட்ரெய்லரைக் கொண்டுபோய் உன் கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். தேவி போர்ச்சில் நின்றாள். புது பேட்டரி போட்டதும் எஞ்சின் இருமி இருமிப் பிடித்துக்கொண்டது. நான் உன் இடத்தில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷம் ஃபேக்டரி லாரி ஓட்டியவன் நான், எனக்கு ஒரு தடவையாவது உன் ஸ்டீயரிங்கைத் தந்திருக்கிறாயா? தைப்பூசத்துக்குப் போனாலும் சரி, குளுவாங்கில் ரொட்டி தின்னப் போனாலும் சரி, நீ ஓட்டுவாய், நான் இடது பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். உன் நெட்டைக் காலுக்குத் தள்ளி வைத்த சீட். கிளட்சை எட்ட நான் நுனியில் உட்கார வேண்டியிருந்தது. சீட்டை முன்னால் இழுக்க எனக்குக் கை வரவில்லை.

கார் பலகையில் மெதுவாக ஏறியது. சக்கரங்கள் கட்டைகளுக்குள் அழகாகப் போய் உட்கார்ந்தன. எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கதவைத் திறந்தேன். நாலு விரல் அகலம் திறந்து சுவரில் முட்டி நின்றது.

அலமாக், என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். நான் அளந்து, பக்கமும் சேர்த்துச் சொல்லியிருந்தது இடது கதவை. என் கதவை. முப்பது வருஷமாக இந்தக் காரில் நான் திறந்த கதவு அது ஒன்றுதான். அதற்கு இடம் விடத்தான் தவுக்கே காரை வலது சுவரோடு ஒட்டி நிறுத்தும்படி கட்டை போட்டிருந்தார். இந்தக் காருக்கு ஓட்டுபவன் பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது, அதன் வழியாக ஒரு மனுஷன் இறங்க வேண்டும் என்பது என் மண்டையில் வரவே இல்லை. அந்தக் கதவு உன்னுடையது, அதை நீ பார்த்துக்கொள்வாய் என்று நான் பாட்டுக்கு இருந்திருக்கிறேன்.

பின்னால் எடுத்திருக்கலாம். கியரைத் தாண்டி இடது பக்கம் நகர்ந்திருக்கலாம். நான் இரண்டும் செய்யவில்லை. அந்த அரை இருட்டில், உன் சீட்டில், உன் வியர்வைத் துண்டு கதவுப் பையில் மடித்தபடி இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ போன அன்று எனக்கு அழ நேரமில்லை மச்சான். லாரி, மாலை, சாப்பாடு, வந்தவர்களுக்கு நாற்காலி என்று ஓடிக்கொண்டே இருந்தேன். அதற்கெல்லாம் சேர்த்து அங்கே அழுதேன்.

"அண்ணே, உள்ள என்ன பண்றீங்க?"

தேவி பலகையில் ஏறி வந்துவிட்டாள்.

"கதவு திறக்கல. வர்றேன், நீ போ."

அவள் போகவில்லை. இடது கதவு தாராளமாகத் திறந்தது. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். கதவுப் பையிலிருந்த துண்டையும் பார்த்தாள். 

"ஊர் பாக்கக் கூடாதுன்னுதானே இத எடுத்துட்டு வந்தீங்க?"

"நீதானம்மா திறந்த லாரி வேணாம்ன?"

"ஊர் பாத்தா பாக்கட்டும்ணே. அது இல்ல." அவள் குரல் உடையவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கு லாரி கிளம்புறப்போ என்னை இதே கேட்டோட நிறுத்திட்டாங்க. பொம்பளைங்க வரக்கூடாதுன்னாங்க. முக்கு திரும்புற வரைக்கும் பாத்தேன். அப்புறம் உள்ள கூட்டிட்டுப் போயி தலைக்குத் தண்ணி ஊத்திட்டாங்க. அவர எங்க கொண்டு போனீங்க, எப்படி வச்சீங்க, எனக்கு ஒண்ணுமே தெரியாது. நான் இன்னும் அங்கனயேதான் நின்னுட்டு இருக்கேன். இப்ப இந்த வண்டியும் போகப் போகுது. திறந்ததா இருந்தா என்ன, மூடுனதா இருந்தா என்ன, நான் மறுபடியும் கேட்டுல நின்னு பாக்கணும்."

கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். காற்றுத் துளையைப் பார்த்தேன். தங்கை எதற்காகச் சாப்பிடாமல் அந்த வீட்டில் கிடக்கிறாள் என்று எங்களில் ஒருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை பார்.

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணே," என்றாள்.

சொன்னேன். லாரி எந்த வழியாகப் போனது, யார் யார் ஏறியிருந்தார்கள், வழியில் மழை தூறியபோது உன் முகத்துக்கு நேராகக் குடை பிடித்தது யார், எல்லாம் சொன்னேன். உன் தலை எந்தத் திசையில் இருந்தது என்று கேட்டாள். உன் தம்பி மகனுக்கு நெருப்பு வைக்கும்போது கை நடுங்கியதா என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்களா என்று கேட்டாள். கழற்றி என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், இன்னும் என் வீட்டில்தான் இருக்கிறது என்றேன். அதற்குத்தான் அழுதாள். நான் தடுக்கவில்லை.

கடைசியில் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றாள்.

"எப்ப?"

"இப்பத்தான். வண்டியோட."

"துணிமணி எடுக்கலையா?"

"யாழினி துணி இருக்கு. போதும்."

நான் கியரைத் தாண்டி இடது பக்கமாக இறங்கிய அழகை எழுத மாட்டேன். தேவி அன்று சிரித்தது அதற்கு மட்டும்தான். பட்டைகளைச் சக்கரங்களில் இறுக்கிக் கட்டி, பின்கதவைத் தூக்கி மூடினேன். அவள் வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு, கேட்டைத் தாண்டி வந்து என் பிக்கப்பில் ஏறிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

காஹாங் தாண்டியதும் மழை கொட்டியது. ட்ரெய்லர் ஆடாமல் வர வேண்டுமே என்று மெதுவாக உருட்டிக்கொண்டு போனேன். தேவி பக்கத்துக் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "வருதுண்ணே, வருது" என்று அவ்வப்போது சொன்னாள். இப்போது மெர்சிங்கில் மகளோடு இருக்கிறாள். ஒரு வேளையாவது சோறு சாப்பிடுகிறாள் என்று யாழினி சொன்னாள். தூக்கம் இன்னும் வரவில்லை. சில நாள் போய்க் காரில் உட்கார்ந்திருக்கிறாளாம். இருக்கட்டும், அதையும் நான் தடுக்கவில்லை.

உனக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. மெர்சிங் ஜெட்டியிலிருந்து படகில் போய்த்தான் உன் சாம்பலைக் கரைத்தோம், நினைவிருக்குமா? அன்றும் ஆண்கள் மட்டும்தான் போனோம். கடலில் அந்த இடம் எந்தப் பக்கம் என்று தேவி யாழினியிடம் கேட்டிருக்கிறாள். அவளுக்கும் காட்டத் தெரியவில்லை. யாரும் அவர்களைக் கூட்டிப்போகவில்லையே.

மச்சான், இது என் வாக்கு. உன் திதியன்று படகில் முதலில் ஏறுவது தேவி, அடுத்தது யாழினி. வழக்கமில்லை என்று யார் வந்தாலும் நான் பேசிக்கொள்கிறேன். உன்னை விட்ட இடத்தைத் தேவி தன் கண்ணால் பார்த்து, போதும்ணே என்று அவள் வாயால் சொல்லும் வரைக்கும் படகைத் திருப்ப விட மாட்டேன்.

இப்படிக்கு,
தேவிக்கு அண்ணனும் உனக்கு என்றைக்கும் மச்சானுமான
கணேசன்
பத்து பாகாட்