முப்பத்திரண்டாவது வாக்கு

ஒக்டோபர் 4, 2024, வெள்ளி

பரமநாதன் போய் இரண்டு நாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று எங்கள் புருசெத் அடுக்குமாடி புளொக்கின் தமிழ் வீடுகள் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோகின்றன. மூன்றாம் மாடி மரியகொறற்றி அக்கா சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கதவடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். பரமனின் மனைவி பிரியந்தினி மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணை, இதைத் திருப்பிக் குடுத்துவிடுங்கோ. அவரின்ரை கனவைக் கெடுத்த மனிசியின்ரை சோறு எனக்கு இறங்காது."

சட்டியோடு லிஃப்டில் இறங்கினேன். இன்னும் சுட்டது. அக்கா வாங்கிக்கொண்டு, "நீங்கள் சாப்பிட்டியளோ தம்பி?" என்று கேட்டார்.

ஒக்டோபர் 5

பரமனின் கனவு. அதையும் எழுதிவைக்கிறேன். கீழே சும்மா கிடக்கும் துணி துவைக்கும் அறையை எல்லாரும் சேர்ந்து சமைக்கிற பொதுக் குசினியாக்குவது. கார் நிறுத்துமிடத்தில் பாதியைப் பெயர்த்துக் கண்ணாடிக் கூடாரம், தக்காளி, கீரை. பத்து வீட்டுக்கு ஒரு கார், ஒரு ஏணி. "வருஷத்திலை ரெண்டு தரம் ஏறுற ஏணியை எல்லாரும் ஏனடா வாங்குவான்?" என்பான். பன்னிரண்டு வருடம் இதே கதை. மனிசரை அறுத்தெடுத்தான்.

2022 மே, குடியிருப்போர் கூட்டம். இரகசிய வாக்கெடுப்பு. ஆதரவு 31, எதிர்ப்பு 32. தமிழ் வீடு பதினொன்றும் அவனுக்குச் சத்தியம் பண்ணியிருந்தன. மற்ற வீடுகளையும் விரல் விட்டு எண்ணி வைத்திருந்தவன். யாரோ ஒரு தமிழாள் கவிழ்த்துப்போட்டது என்று என் தோளில் சாய்ந்து அழுதான்.

அது நான்.

ஒக்டோபர் 9

ஏன் செய்தேன்? 1987இல் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் எட்டுப் பேர் ஒரு குசினியில் இருந்தோம். அவனுக்கு அது சொர்க்கம். எனக்கு? பால் பெட்டியில் பெயர் எழுதி வைத்தாலும் குடித்துவிடுவான்கள். என் கதவைப் பூட்டிக்கொண்டு ஒரு தேத்தண்ணி குடிக்க ஒன்பது வருடம் பொறுத்தவன் நான். திரும்பவும் அதே குசினியோ? அவன்ரை முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரேல்லை. எதிர்ப்புக்கு நேரே புள்ளடி போட்டேன்.

அதோடு விட்டேனா? "ஆராயிருக்கும்?" என்று அவன் கேட்டபோது, "கொறற்றி அக்கா கார் விடுற இடம் போகுதெண்டு புறுபுறுத்தவ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை அவன் பார்த்துக்கொண்டான். படியில் கண்டால் முகத்தைத் திருப்புவான். மற்ற வீடுகளும் அவனைப் பார்த்துப் பழகின. எல்லாரும் சேர்ந்து வாழ வேண்டுமென்றவன் ஒரு மனிசியைத் தனியாக்கி வைத்தான் — வாய்திறக்காமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர் 11

இன்று தகனம். அக்கா கடைசி வரிசை. பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நானும் போய் இருக்கவில்லை.

ஒக்டோபர் 20

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு என்னை எழுதட்டாம். "நீங்கள்தானே அவரின்ரை வலக்கை," என்றாள் பிரியந்தினி.

ஒக்டோபர் 22

எழுதினேன். உண்மையை, ஒரு பக்கம். கொடுத்துவிட்டு நின்றேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு தரம் வாசித்தாள். "இதைப் போடேலாது."

"கொறற்றி அக்கா பாவம் பிரியந்தினி—"

"அப்ப இவர் ஒண்டும் செய்யாத மனிசியை ரெண்டரை வருஷம் வதைச்சவர் எண்டு அச்சடிச்சுக் குடுக்கவோ? என்ரை பிள்ளையள் அதை வாசிக்கவோ?" தாளை நாலாய்க் கிழித்தாள். "வேறை எழுதி அனுப்புங்கோ. இனி இந்த வீட்டுப் படி மிதிக்காதேங்கோ. முப்பத்தொண்டுக்கு மட்டும் வாங்கோ, சனம் கேக்கும்."

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: வீட்டுக்கு வந்ததும் நன்றாகப் பசித்தது.

ஒக்டோபர் 23

அக்காவிடமே போய்ச் சொல்லலாம். இரண்டு மாடிதான். போகவில்லை.

நவம்பர் 1

முப்பத்தொன்று. மலரில் என் கட்டுரை ஐந்தாம் பக்கம். "அவன் கனவுக்குத் தோள் கொடுத்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு." நாலைந்து பேர் வந்து கைகொடுத்தார்கள். ஒருவர் கண் கலங்கினார். அக்காவுக்கு அழைப்பில்லை.

நவம்பர் 30, சனி

அக்கா வீட்டை விற்றுவிட்டு எல்லிங்ஸ்ருட்டில் மகளோடு இருக்கப் போகிறார். புளொக்கில் வேறு ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பெட்டிகளை நான்தான் இறக்கிக் கொடுத்தேன். கடைசிப் பெட்டியை வான் வண்டியில் ஏற்றியதும் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, கடவுள் சத்தியமா நான் ஆதரவாத்தான் போட்டனான். நீங்களாவது நம்புறியளோ?"

"நம்புறன் அக்கா."

"அது போதும் எனக்கு," என்றார்.